ஹட்டன் தேயிலைச் சரிவொன்றை அட்டை அடுக்கி 1:200 மொடலாகச் செய்தீர்கள், உயர வித்தியாசம் 12 மீற்றர், ஆனால் மொடலில் சரிவு தட்டையாகத் தெரிகிறது என்கிறீர்களா?

அட்டைத் தடிப்புதான் பிழை. 1:200 அளவில் 1 மீற்றர் என்பது 5 மில்லிமீற்றர். நீங்கள் ஒவ்வொரு 1 மீற்றர் சமவுயரக் கோட்டுக்கும் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு) 3 மில்லிமீற்றர் அட்டை வெட்டியிருக்கிறீர்கள். பிறகு ஹட்டன் தேயிலைச் சரிவு நுவரெலியா ரேஸ்கோர்ஸ் மாதிரித் தட்டையாகத்தானே கிடக்கும்!

அடிமட்டைப் பிடித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன 12 மீற்றர் உயர வித்தியாசத்துக்கு மொடல் 60 மில்லிமீற்றர் நிற்கவேண்டும். 36தான் (12 அட்டை × 3) வருகிறதென்றால் தடிப்புதான் பிழை, சந்தேகமே இல்லை.

5 மில்லிமீற்றர் போம் போர்டுக்கு (நுரை அட்டை) மாறுங்கள். வாங்கிய அட்டையை வீசமுடியாதென்றால், 0.6 மீற்றருக்கு (மொடலில் 3 மில்லிமீற்றர்) ஒரு கோடாக இடையில் கணித்து வெட்டலாம், ஆனால் வேலை கூடும். வெள்ளைப் பசையை அள்ளிப் பூசாதீர்கள், மழைக்காலத்தில் அட்டை வளையும்.

கோடுகளை 1:50,000 நிலவரைபடத்தைப் பெருப்பித்து எடுத்திருந்தால் தோட்டத்துக் கான் (வடிகால்), லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடு) பின்னாலுள்ள மண்வெட்டு எதுவும் அதில் இராது. அவற்றை இடத்திலேயே அளந்து சேருங்கள்.