மகள் ஏன் மன்னிப்புக் கேட்டாள்?

மதிப்பிற்குரிய அம்மா,

ஒன்பது வயதில் திருச்சியிலிருந்து அமெரிக்கா வந்த நான், 1991இல் ஜார்ஜியாவில் கல்லூரியில் படித்தபோது, சொராரிட்டி என்னும் மாணவியர் சங்கம் ஒன்றில் உறுப்பினரானேன். அன்று முதல் சந்தாவும் நன்கொடையும் தவறியதில்லை. உறுப்பினர்களின் மகள், தங்கை, பேத்தி ஆகியோருக்குச் சேர்க்கையில் இருந்த ‘லெகசி’ முன்னுரிமையை, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டார்கள். சென்ற ஆகஸ்டில் அதே சங்கத்தில் சேர முயன்ற என் மகளை, தேர்வின் இரண்டாம் சுற்றிலேயே நீக்கிவிட்டார்கள். பழைய விதி இருந்திருந்தால் கடைசிச் சுற்று வரையாவது போயிருப்பாள். என் தோழியரும் கொதித்துப்போயிருக்கிறார்கள். ஒருத்தி சங்கச் சின்னத்தையே திருப்பி அனுப்பிவிட்டாள். நன்கொடை கேட்கும்போது மட்டும் நாங்கள் சகோதரிகளா? அன்றிரவு மகள் தொலைபேசியில் ‘சாரிம்மா’ என்றாள். அதன்பின் அவளாக அழைப்பதில்லை, படிப்புச் சுமையாக இருக்கலாம். இத்தனை ஆண்டுகள் கொடுத்ததற்கு இதுதானா மரியாதை? தலைமையகத்துக்கு எப்படி எழுதினால் உறைக்கும்?

அன்புச் சகோதரிக்கு,

நன்கொடையைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதிய நீங்கள், மகள் அழைப்பதில்லை என்பதை அரை வரியில் கடந்து, அதற்கு ஒரு காரணத்தையும் நீங்களே தேடிக் கொடுத்துவிட்டீர்கள். தன்னை வேண்டாமென்று ஒதுக்கிய நாளில், ஆறுதல் தேட வேண்டிய பெண் உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அம்மா போட்டு அனுப்பிய நகையைத் தொலைத்த பிள்ளைதான் அப்படிப் பேசும்.

விதியைப் பற்றி உங்கள் பக்கம் நிற்க என்னால் இயலவில்லை. 1991இல் உங்களுக்காகப் பரிந்துபேச அந்தச் சங்கத்தில் தாயும் இல்லை, பாட்டியும் இல்லை. லெகசிகளுக்குப் போக மீந்த இடத்தில்தான் நீங்கள் நுழைந்தீர்கள். பல தலைமுறைகளாக வெள்ளையினப் பெண்களையே சேர்த்துவந்த சங்கங்களில் பரம்பரை உரிமை யாருக்கு உதவும் என்பது வெளிப்படை. 2013இல் அலபாமா பல்கலைக்கழகத்தில், இளைய உறுப்பினர்கள் விரும்பியும், கறுப்பின மாணவியரைச் சேர்க்கவிடாமல் முன்னாள் உறுப்பினர்கள் தடுத்ததை அங்குள்ள மாணவர் இதழே வெளியிட்டது. கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டதை அடுத்து 2020இல் இனப் பாகுபாடு பற்றிய இந்தக் கேள்வி வலுத்தபோதுதான் டெல்டா காமா உள்ளிட்ட சங்கங்கள் லெகசி முன்னுரிமையைக் கைவிட்டன. உங்கள் வருத்தம் பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வருத்தத்தின் பாரத்தை இப்போது சுமப்பவள் உங்கள் மகள்.

தலைமையகத்துக்கான கடிதம் காத்திருக்கட்டும். மகளை நீங்களே அழையுங்கள். சேர்க்கை நடந்த அந்த வாரம் அவள் ஏறி இறங்கிய பல சங்கங்களின் வீடுகளில் எது அவளுக்குப் பிடித்திருந்தது என்று கேளுங்கள். அது உங்களுடையதாக இல்லாமலும் இருந்திருக்கலாம்.