இதிகாசத்தில் ராஜாவுக்கு என்ன வேலை? டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

வேதாரண்யம் பக்கம், கடைமடை விவசாயி: ஐயா, பாரதம் ராமாயணம் என்றாலே போர், சூதாட்டம், சுயம்வரம்தானா? உழுகிறவனைப் பற்றி அந்த ராஜாக்கள் ஒரு வார்த்தையாவது பேசினார்களா?

நிறையப் பேசியிருக்கிறார்கள். மயன் கட்டிக்கொடுத்த புது மண்டபத்தில் தர்மர் தம்பிகளோடு உட்கார்ந்திருக்கிறார், நாரதர் வருகிறார். வந்தவர் மண்டபத்தைப் பாராட்டவில்லை, கேள்வி மேல் கேள்வியாக அடுக்குகிறார். உன் நாட்டில் பெரிய ஏரிகள் அங்கங்கே வெட்டப்பட்டு நிரம்பி இருக்கின்றனவா, வெள்ளாமை வானத்தை மட்டும் நம்பி நிற்கவில்லையே, உழவனுக்கு விதையும் சாப்பாடும் தட்டுப்படாமல் இருக்கிறதா, குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிறாயா என்று போகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்துக்கொண்டே குறுவைக்கு நாற்றங்கால் விடுகிற நமக்கு இதன் அருமை தெரியும். ராமாயணத்திலும் அப்படித்தான். சித்திரகூடத்துக்கு அழுதுகொண்டு வந்த பரதனிடம் ராமன் கேட்பது, உழவர்களும் மாடு வளர்ப்பவர்களும் உன்மேல் பிரியமாக இருக்கிறார்களா, வீரர்களின் சம்பளத்தைத் தள்ளிப்போடாமல் கொடுக்கிறாயா என்பதைத்தான். அரசனைப் புகழ்கிற இடங்களைவிட, அவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற இந்த இடங்கள்தான் எனக்கு முக்கியம்.

திருவாரூர்: எங்கள் ஊர் மனுநீதிச் சோழன் கதை பாரதத்தில் இருக்கிறதா சார்?

இல்லை. அதைச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன்னால் நின்று சொல்கிறாள், பெரியபுராணம் விரித்துப் பாடுகிறது. ஆனால் சொந்த மகனைத் தண்டித்த அரசன் ராமாயணத்திலும் உண்டு. சகரனின் மகன் அசமஞ்சன், ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்துச் சரயுவில் தூக்கிப் போட்டுச் சிரிக்கிறவன். ஜனங்கள் திரண்டு வந்து, அவன் வேண்டுமா நாங்கள் வேண்டுமா என்று கேட்டுவிட்டார்கள். சகரன் மகனை நாட்டைவிட்டே அனுப்பினான். அப்புறம், புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபி பாரதத்தில் வருகிறவன், அவனைத்தான் சோழர்கள் தங்கள் முன்னோன் என்று செப்பேடுகளில் எழுதிக்கொண்டார்கள்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: ராஜாவே தப்பு செய்தால் என்ன வழி?

வேனன் கதையைப் படியம்மா. அதர்மமாக ஆண்டவனை ரிஷிகளே கொன்றார்கள், அவன் கையைக் கடைந்து வந்த பிருது நல்லபடி ஆண்டான். பாரதத்தின் அனுசாசன பருவத்தில் பீஷ்மர் இன்னும் கடுமையாகவே பேசுகிறார்: காப்பாற்றாமல் பிடுங்கித் தின்கிற அரசனை, குடிகள் ஒன்றுசேர்ந்து வெறிநாயைக் கொல்வது போலக் கொல்ல வேண்டும் என்கிறார். விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு வரி வாங்குகிறாயே, அது காவலுக்குக் கூலி என்பதுதான் அவர் கணக்கு.

பட்டுக்கோட்டை: மூத்த மகன்தான் ராஜா என்பது சட்டமா?

வழக்கம், அவ்வளவுதான். பாரதத்தில் குரு வம்சத்து ராஜா பிரதீபனின் மூத்த மகன் தேவாபிக்குத் தோல்நோய் என்று பெரியவர்களும் ஊராரும் தடுத்தார்கள், பிரதீபன் கண்ணீர் விட்டும் பட்டம் தம்பி சந்தனுவுக்குத்தான் போனது.

மயிலாடுதுறை: நம்ம தேரழுந்தூர்க் கம்பன் இதில் என்ன மாற்றினார்?

நெல்லும் உயிரல்ல, நீரும் உயிரல்ல, மன்னன்தான் உலகத்துக்கு உயிர் என்று புறநானூற்றில் மோசிகீரனார் பாடினார். கம்பர் இதைத் தலைகீழாக்கினார்: குடிகள்தான் உயிர், தசரதன் அந்த உயிர்கள் தங்கியிருக்கும் உடம்பு. சோழர் ஆட்சிக்குள் இருந்துகொண்டே ஒரு கவிஞர் இப்படிப் பாடினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

தஞ்சாவூர்: எங்கே தொடங்கிப் படிப்பது அண்ணே?

நாரதர் கேள்விகளுக்குப் பாரதத்தின் சபா பருவம் ஐந்தாம் அத்தியாயம், ராமன் கேள்விகளுக்கு ராமாயணத்தின் அயோத்தியா காண்டம் நூறாவது சர்க்கம். இரண்டையும் ஒரே நாளில் படித்துவிடலாம். பிறகு பாரதத்தின் சாந்தி பருவத்து ராஜதர்மப் பகுதி, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தமிழில் வேண்டுமென்றால் ம. வீ. ராமானுஜாசாரியார் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த முழு மகாபாரத மொழிபெயர்ப்பு இருக்கிறது. பழைய நடைதான், நாலைந்து பக்கம் போனால் பழகிவிடும்.