தோப்பில் கேம்ப் நடத்துகிறவருக்கு விபத்துக் காப்பீடு மட்டும் போதுமா?

பொள்ளாச்சியை அடுத்த சேத்துமடைப் பக்கம் தென்னந்தோப்பில் கேம்ப் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வார இறுதியில் கோவை, திருப்பூர், பெங்களூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ராத்திரி டென்ட், காலையில் சைக்கிள், கயிறு விளையாட்டு, மலையடிவாரத்தில் நடை, ஜீப்பில் ஒரு சுற்று. ஆளுக்கு ஒரு லட்சம் விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறேன். 'எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு' என்று எழுதியும் வாங்கிக்கொள்கிறேன். இப்போது ஒரு ஐ.டி. கம்பெனி, லயபிலிட்டி பாலிசி இருந்தால்தான் ஆட்களை அனுப்புவோம் என்கிறது. ஏஜென்ட்டோ இருக்கிறதே போதும் என்கிறார். எது சரி?"

ஐ.டி. கம்பெனி சொல்வதுதான் சரிங்க.

விபத்துக் காப்பீடு அடிபட்டவருக்குப் பணம் தரும், யார் தப்பு என்று கேட்காது. அந்த ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்ட பிறகும் 'உங்கள் கவனக்குறைவால்தான் எனக்கு இப்படி ஆனது' என்று அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். அந்த வக்கீல் செலவையும், நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானால் அந்தத் தொகையையும் ஏற்பதற்குத்தான் லயபிலிட்டி பாலிசி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதனால் வந்தவர் பெங்களூர்க்காரர் என்றால் வாய்தாவுக்கு வாய்தா பெங்களூருக்கு அலைய வேண்டியது நீங்கள்தான்.

எழுதி வாங்கும் காகிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஆபத்தை முன்கூட்டியே எடுத்துச் சொன்னீர்கள், ஆஸ்துமா, இதய நோய் இருக்கிறதா என்று கேட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் உங்கள் பக்கம் கவனக்குறைவு இருந்தால் அந்தக் கையெழுத்து உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். தென்னை மரத்தடியில் டென்ட் அடித்து, ராத்திரி மட்டையோ காயோ விழுந்து ஒருவர் தலையில் அடிபட்டால், தோப்புக்காரருக்கு இது தெரியாதா என்றுதான் முதல் கேள்வி வரும். யானை வந்துபோகும் தடம் என்று தெரிந்தே அந்த வழியில் நடக்கக் கூட்டிப்போனாலும் அப்படித்தான்.

பாலிசி கேட்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். 1991 பொதுப் பொறுப்புக் (பப்ளிக் லயபிலிட்டி) காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று உண்டு, போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்தது. அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கானது, உங்களுக்கு உதவாது. தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பொதுப் பொறுப்பு பாலிசியைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

இனி சொல்வதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். விண்ணப்பத்தில் 'தொழில் விவரம்' என்று ஒரு வரி இருக்கும். அதில் ஏஜென்ட் அவசரத்தில் 'டூரிசம்' என்றோ 'பண்ணை வீடு' என்றோ ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிடுவார். நாளைக்குக் கயிறு ஏறும்போது ஒருவர் விழுந்தால், இந்த வேலையைப் பற்றி எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். அதனால் டென்ட், கேம்ப்ஃபயர், சைக்கிள், நடை, கயிறு விளையாட்டு, சாப்பாடு என்று செய்வதை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம் எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று சொல்லும் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். சாகச விளையாட்டே கிடையாது என்றோ, விளையாட்டில் கலந்துகொள்பவருக்கு ஏற்படும் காயம் சேராது என்றோ ஒரு வரி இருந்தால், உங்கள் விருந்தினர் எல்லோரும் கலந்துகொள்பவர்கள்தானே, அந்தப் பாலிசியால் உங்களுக்கு என்ன பயன்? அந்த விலக்கை நீக்க முடியுமா என்று ஈமெயிலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். போனில் சொன்னது கணக்கில் வராது.

காட்டு நடைக்கு அனுமதி இல்லையென்றால் எந்தப் பாலிசியையும் நம்ப முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேரை இழந்தோம், அதில் ஈரோடு, திருப்பூரிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு டிரெக்கிங்குக்கு என்றே அரசு விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் 'கொஞ்ச தூரம்தானே' என்று கூட்டிப்போகவே கூடாது. காட்டுக்குள் நடக்க விரும்புகிறவர்களை வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தடங்களில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தொகையில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு விபத்துக்கு இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு. விபத்துக்கு 25 லட்சம் என்றால் ஆளுக்கு 25 லட்சம் அல்ல, ஒரே விபத்தில் நாலு பேருக்கு அடிபட்டால் நாலு பேருக்கும் சேர்த்துத்தான். வக்கீல் செலவும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கும்.

ஜீப் இந்தப் பாலிசியில் வராது, அதற்கு வண்டி இன்சூரன்ஸ்தான். ஓன் போர்டு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க வரலாம். ஒன்று வாடகை வண்டியாக மாற்றுங்கள், இல்லை உரிய பர்மிட் இருக்கும் வண்டியை அமர்த்துங்கள். வழிகாட்டிப் பையன்களும் சமையல்காரரும் உங்கள் வேலையாட்கள் என்பதால் அவர்களும் இதில் சேர மாட்டார்கள். வேலையில் அடிபடும் ஆட்களுக்கு நஷ்ட ஈடு தருவதற்கென்று இருக்கும், ஏஜென்ட்டுகள் டபிள்யூ.சி. பாலிசி என்று சொல்வதை அவர்களுக்குத் தனியாகப் போட வேண்டும்.

விபத்து நடந்தால் நம் ஊரில் உடனே நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து 'இவ்வளவு கொடுத்து முடிச்சுக்கலாம்' என்று பேசிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், கூடவே இருங்கள், அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேட்காமல் தப்பை ஒப்புக்கொண்டு தொகை பேசினால் அந்தப் பணத்தைப் பாலிசியிலிருந்து வாங்க முடியாது. அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள்.

சீசன் இல்லாத மாதங்களில் பாலிசியைக் காலாவதியாக விடவும் வேண்டாம். பெரும்பாலான லயபிலிட்டி பாலிசிகளில் விபத்து நடந்த நாளில் மட்டும் அல்ல, உங்கள் மேல் கோரிக்கை வரும் நாளிலும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க அடிபட்டவருக்கு 2 வருடம் அவகாசம் உண்டு, அதனால் கோரிக்கை தாமதமாகவும் வரலாம்.