அளவெட்டியில் ஒரு நாற்சார் வீடு: திருத்துவதா, இடிப்பதா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "யாழ்ப்பாணத்து அளவெட்டியில் 5 பரப்புக் காணியோடு ஒரு பழைய நாற்சார் வீடு, நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டியது, விலைக்கு வந்திருக்கிறது. நூறு வயது இருக்கும் என்கிறார்கள். ஒரு பக்க ஓடு சரிந்துவிட்டது, சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. சொந்தக்காரர் கனடாவில், அவருக்காகக் கையொப்பமிடும் அற்றோணித் தத்துவம் அவருடைய மைத்துனரிடம். லண்டனில் இருக்கும் அண்ணா பாதிக் காசு தருகிறார். மாமாவோ 'இடித்துப்போட்டு பிளாட் (கொங்கிறீற் தட்டுக் கூரை) அடித்துக் கட்டு' என்கிறார். எனக்குத் திருத்தி எடுக்கத்தான் ஆசை. சரிவருமா?"

வீட்டைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் என்னைப் பயப்படுத்துவது சரிந்த ஓடு அல்ல, அந்த மைத்துனர்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதோடு அதுவும் செத்துப்போகும். சொந்தக்காரரோடு வீடியோவில் நேரே பேசுங்கள். அந்தத் தத்துவத்தில் 'விற்க' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, அது பதியப்பட்டிருக்கிறதா என்பதைச் சட்டத்தரணி பார்க்கட்டும். கொழும்பிலுள்ள சட்டத்தரணியாக இருந்தாலும் பரவாயில்லை, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை தெரிந்தவராக இருக்க வேண்டும். வடக்குக் காணியில் அது இல்லாமல் ஒன்றும் நடவாது. விற்பவருடைய பெயரில் காணி முதுசமாக (பெற்றோர் வழியாக) வந்ததா, சீதனமா, தேடியதேட்டமா (மணமான பிறகு தேடிய சொத்தா) என்பதைப் பொறுத்து யார் யார் கையொப்பம் வைக்க வேண்டும் என்பது மாறும். தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அது 1911ஆம் ஆண்டுச் சட்டம். சகோதரர்களுக்குள் பிரிக்காத பங்காக இருந்தால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் உங்களுக்கு எழுதினால், திருத்திக் குடிபுகுந்த பிறகும் வழக்கு வரலாம்.

காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். உறுதியில் (காணிப் பத்திரத்தில்) எல்லைகளை மட்டும் வாசிக்காமல், கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் எவ்வளவு பங்கு என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். முழுக் கிணறும் என்று நினைத்து வாங்கி, பிறகு காலையில் பக்கத்து வீட்டார் வாளியோடு வந்து நிற்பதைப் பார்க்க வேண்டி வரும். அவர்கள் பங்காளிகள், வருவது அவர்கள் உரிமை. புதிதாக ஒரு நில அளவை செய்விக்காமல் கைச்சாத்திட வேண்டாம். 5 பரப்பு என்றால் 50 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆள் இல்லாத வளவில் பக்கத்தவர் வேலியை உள்ளே அரக்கி நகர்த்துவது புதிதல்ல, பத்து வருடம் எதிராக ஆட்சி செய்தவர் அதை உரிமையாகக் கேட்கவும் இடமுண்டு. வரைபடத்தில் குறைகிற பகுதியை விலையிலிருந்து குறைத்துப் பேசலாம்.

அண்ணாவின் பாதிக்கு வருவோம். அவர் இலங்கைக் குடியுரிமையை விட்டு பிரித்தானியக் குடியுரிமை மட்டும் வைத்திருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயரில் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. இல்லையென்றால் உறுதி உங்கள் பெயரில் மட்டும்தான் வரும். அப்போது அவர் தந்த காசு கடனா அன்பளிப்பா என்று இருவரும் இப்போதே பேசி எழுதி வையுங்கள். அண்ணாதானே என்று விடுகிற இடத்தில்தான் பிள்ளைகள் காலத்தில் பிரச்சினை கிளம்பும். முத்திரைவரியைச் செலவுக் கணக்கில் மறவாதீர்கள்: முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம், அதுவும் மதிப்பீட்டு விலையில்.

இனி வீடு. மாமாவுக்கு என் பதில்: இடிக்க வேண்டாம், பிளாட்டும் அடிக்க வேண்டாம். அந்தக் காலச் சுவர் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒன்றரை அடிக்கு மேல் தடிப்பு இருக்கும், நேராக இறங்கும் பாரத்தைத் தாங்கும். ஆனால் அதற்குள் கம்பி கிடையாது, சுவர்களைச் சேர்த்துக் கட்டும் கொங்கிறீற் சுற்றுவளையம் கிடையாது. அதற்கு மேல் கொங்கிறீற் தட்டு ஏற்றினால் சுவர் வெளியே தள்ளும். ஓட்டுக் கூரைக்காகக் கட்டிய சுவருக்கு ஓட்டுக் கூரைதான்.

உப்புப் பூத்ததைக் கண்டு பயப்பட வேண்டாம். ஏன் பூக்கிறது என்று பாருங்கள். பழைய வீட்டுச் சுவருக்குள் ஈரத்தடுப்புப் படை கிடையாது. நிலத்து ஈரம் மேலே ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். இடையில் யாரோ சீமெந்தால் பூசியிருப்பார்கள். ஈரத்துக்குப் போக வழியில்லை, கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது. போனதும் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் சுவரின் அடியைச் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அது சுண்ணாம்பு, நல்லது. கீச்சென்று கீறல் மட்டும் விழுந்து, தட்டினால் உள்ளே பொள்ளலாகக் கேட்டால் சீமெந்து. அந்தச் சீமெந்து முழுவதையும் உடைத்து எடுத்துவிட்டு, ஒரு மழையும் ஒரு வெயிலும் சுவரை அப்படியே காயவிட்டு, பிறகு சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து பூசுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். தண்ணீர் புகாத பெயின்ற் எவ்வளவு விலையென்றாலும் வேண்டாம். "சீமெந்து கொஞ்சம் போட்டால் பலம்" என்று மேசன் சொல்லுவார். சம்மதிக்காதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கூரையில் ஓடுகளைப் பார்க்காமல் மரத்தைப் பாருங்கள். ஏணி வைத்து, ஓட்டைத் தாங்கும் பனங் கைமரம் சுவருக்குள் புகுகிற முனையில் ஒரு திருப்புளியைக் குத்துங்கள். வைரமான பனை திருப்புளியைத் திருப்பி அனுப்பும். அரை அங்குலம் இலகுவாக இறங்கினால் அந்த மரம் போய்விட்டது, நடுப்பகுதி எவ்வளவு வடிவாகத் தெரிந்தாலும். கறையான் சுவர் வழியாக ஏறி அந்த முனையில்தான் தொடங்கும். எத்தனை மரம் போயிருக்கிறது என்று எண்ணினால்தான் ஓடாவியோடு (தச்சரோடு) கூலி பேசலாம். ஓடு ஊரில் இடிக்கிற வீடுகளிலிருந்து பழையதாகவே வாங்கலாம்.

நடு முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வெளியேறும் துவாரம் ஓட்டுத் துண்டாலும் சருகாலும் அடைபட்டிருந்தால், கார்த்திகை மழை முழுவதும் வீட்டுக்குள் நிற்கும். பாதி ஈரத்துக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம், செலவு அரை நாள் கூலி. வெளிச் சுவரைச் சுற்றி மண் உயர்ந்து திண்ணை மட்டத்துக்கு வந்திருந்தால் அதையும் வெட்டி இறக்குங்கள். வயரிங் எப்படியும் புதிதாகத்தான் செய்ய வேண்டும், அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

காலம் முக்கியம். யாழ்ப்பாணத்து மழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. பார்க்கப் போவதென்றால் மழை விட்ட மறுநாள் போங்கள், ஒழுக்கு எங்கே என்று வீடே காட்டிவிடும். கூரை வேலையைத் தையில் தொடங்கி, அடுத்த மழைக்கு முன் முடியுங்கள். கூரை முடியும்வரை உள்ளே ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம். நீங்கள் கொழும்பில், வேலை அங்கே. நாட்கூலிக்கு விட்டால் நாள் மட்டும்தான் ஓடும். கட்டம் கட்டமாகக் கூலி பேசி, ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் பார்த்த பிறகு கொடுங்கள். மாதம் ஒருமுறை இரவு பஸ் ஏறினால் போதும்.

புதிய குளியலறையும் மலகூடமும் கட்டும்போதுதான் கொழும்புப் பழக்கம் ஆபத்து. அளவெட்டி இருக்கிற வலிகாமத்தில் மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக் கல்; குழியில் விடுவது வடிபடாமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும். அடியும் பக்கமும் பூசி அடைத்த தொட்டி கட்டி, உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் ஐம்பது அடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். கட்டுமுன் வலிகாமம் வடக்குப் பிரதேச சபையில் அனுமதி எடுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துப் பாருங்கள். தோட்டங்களுக்குப் போடும் பசளையால் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது தெரிந்த விஷயம். அதைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. சோதனை முடிவு வருமுன் முற்பணம் கேட்டு மைத்துனர் நெருக்கினால், உறுதிப் பிரதியைத் தாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.