ஆக்டிவ் பேஸ் கிட்டாரில் ஒலி போய்ப் போய் வருகிறதா? கேள்வி பதில்

மாசி, பங்குனித் திருவிழாக்கள் முடிந்து கச்சேரிகள் ஓயும்போதுதான் எனக்கு வேலை கூடும். காரைக்குடியில் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறிய அறையில் கிட்டார்களைப் பழுது பார்க்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றைப் பற்றியே: பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பேஸில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி அறுந்துபோகிறது. அவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மெல்லிசைக் குழுக் கலைஞர், காரைக்குடி): அண்ணே, முத்துமாரியம்மன் கோயில் திருவிழா மேடையில் நான்காவது பாட்டில் ஒலி நின்றுவிட்டது. பிளக்கை அசைத்ததும் வந்தது, சிறிது நேரத்தில் மறுபடி போனது. கேபிளை மாற்றினேன், புது பேட்டரி போட்டேன், பயனில்லை. பேஸுக்குள் ஒலியைப் பெருக்கும் பிரிஆம்ப் போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார்கள். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. முதலில் ஜாக்கைப் பாருங்கள். பிளக்கை அசைத்ததும் வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிரிஆம்ப்புக்குப் பிளக் அசைவது தெரியாது.

பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் பவர் சுவிட்ச் என்று தனியாக ஒன்று கிடையாது. கேபிள் செருகும் ஜாக்கே சுவிட்ச். அதற்குள் மூன்று தொடுமுனைகள் உண்டு. ஒன்று பிளக்கின் நுனியைத் தொடும். ஒலி போகும் வழி அது. இன்னொன்று பிளக்கின் உடலைத் தொடும், அது எர்த். இரண்டுக்கும் நடுவில் இருப்பதில் பேட்டரியின் கறுப்பு ஒயர் வந்து சேர்கிறது. நாம் செருகுகிற சாதாரண மோனோ பிளக்கில் நுனிக்குப் பின்னால் முழுவதும் உடல்தான். அதனால் செருகியவுடன் நடுமுனையும் எர்த் முனையும் ஒன்று சேர்கின்றன, பேட்டரியின் சுற்று மூடிக்கொள்கிறது, பிரிஆம்ப் விழித்துக்கொள்கிறது. அந்த நடுமுனைத் தகடு தளர்ந்தாலோ கறுத்துப்போனாலோ புது பேட்டரி போட்டும் பயனில்லை.

ஒலி எப்படிப் போகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். பாதி நோயை அதுவே சொல்லிவிடும். சட்டென்று கத்தரித்தாற்போல் நின்றால் நுனிப்பக்க வழியில் பிழை. பெரிய இரைச்சலோடு போனால் எர்த் விடுபடுகிறது. ஒலி கரகரத்து, நசுங்கி, ஒரு கணம் தேய்ந்து மறைந்தால் பேட்டரி வழி அறுகிறது. பிரிஆம்ப்பின் கெப்பாசிட்டரில் எஞ்சிய மின்சாரம் தீரும்வரை அது மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இனிச் சோதனை. பேட்டரியைக் கழற்றிவிட்டு மோனோ கேபிளை ஜாக்கில் செருகுங்கள். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரி கிளிப்பின் கறுப்பு ஒயர் முனையிலும் மற்றொன்றைக் கேபிளின் மறுமுனைப் பிளக்கின் உடலிலும் வையுங்கள். பீப் ஒலி விடாமல் வர வேண்டும். இப்போது ஜாக்கில் இருக்கும் பிளக்கை நாலாபக்கமும் மெல்ல அசையுங்கள். விட்டுவிட்டு ஒலித்தால் குற்றவாளி அகப்பட்டான். கேபிளைத்தான் நீங்கள் ஏற்கெனவே மாற்றிப் பார்த்துவிட்டீர்களே.

திறந்த வகை ஜாக் என்றால் காண்டாக்ட் கிளீனர் விட்டுத் துடைத்து, தகட்டைச் சற்றே உள்பக்கம் வளைத்தால் சரியாகலாம். ஆனால் மேடையில் வாசிப்பவருக்கு நான் புது ஜாக்கே போடச் சொல்வேன். ஒரு முறை வளைத்த தகடு மறுபடி தளரும். குழாய் போல் மூடிய வகையைத் திறந்து பார்க்கவே வழியில்லை, அதை மாற்றத்தான் வேண்டும். நட்டை இறுக்கும்போது ஜாக்கை உள்ளே கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஜாக்கும் சேர்ந்து சுழன்றால் ஒயர்கள் முறுக்கிக்கொண்டு அறும். அப்படி அறுந்து என்னிடம் வந்தவை நிறைய.

கேள்வி (தேவாலயப் பாடகர் குழு, தேவகோட்டை): எங்கள் பேஸில் ஆக்டிவ் (பேட்டரியோடு), பாஸிவ் (பேட்டரி இல்லாமல்) என்று மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. பாஸிவில் எந்தக் குறையும் இல்லை. ஆக்டிவில் அரை மணி நேரத்தில் ஒலி கரகரத்துத் தேய்கிறது. பேட்டரியைக் கழற்றி அளந்தால் 8.3 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: அந்தச் சுவிட்சே உங்களுக்குப் பாதி விடை. பாஸிவில் ஒலி நிலையாக இருப்பதால், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப், கேபிள், ஆம்ப் மூன்றும் நலம். பிழை பேட்டரிக்கும் பிரிஆம்ப்புக்கும் இடையில். (1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே தொடங்கிப் பல பேஸ்களில் இந்தச் சுவிட்ச் கிடையாது. உங்களிடம் இருப்பது வசதி.)

கழற்றி அளக்கும் அளவை நம்பாதீர்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி தேறிக்கொண்டு நல்ல எண்ணைக் காட்டும். கேபிளைச் செருகி, வாசித்துக்கொண்டிருக்கையில், கிளிப்பின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். புது ஆல்கலைன் 9 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். 7.5-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். எண் சீராக இல்லாமல் துள்ளினால் கிளிப் தளர்ந்திருக்கிறது. பூவிதழ் போல் விரிந்த அதன் முனையைச் சிறு குறடால் மெல்ல நெருக்கிவிடுங்கள்.

பயிற்சி முடிந்தும் கேபிளைப் பிடுங்காமல் விட்டுவிடுகிறார்களா என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். 1 மில்லியாம்பியர் இழுக்கும் பிரிஆம்ப்புக்கு ஒரு நல்ல ஆல்கலைன் பேட்டரி ஏறத்தாழ 500 மணி நேரம் உழைக்கும். ஞாயிறு முதல் ஞாயிறு வரை செருகியே கிடந்தால் ஒரு வாரத்திலேயே 168 மணி நேரம் போய்விடும். மின்கலங்களையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊரில் 1953 முதல் இயங்குகிறது. அந்த நிறுவனத்தின் மதில் ஓரமாக நடந்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, பேட்டரியை இப்படி வீணாக்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

கேள்வி (கானாடுகாத்தான்): வளவில் நடந்த திருமணக் கச்சேரியில் வயர்லெஸ் கருவியை மாட்டினேன், ஒலியே வரவில்லை. கேபிளில் வாசித்தால் வருகிறது. வயர்லெஸ் பழுதா?

பதில்: அந்தக் கருவியின் பிளக்கில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீரியோ பிளக். நடு வளையம் உடலிலிருந்து பிரிந்திருப்பதால் பேஸின் பேட்டரி இணையாமல் போயிருக்கலாம். ஒரே கோடுள்ள மோனோ பிளக் கொண்ட இணைப்பை வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (புதுவயல்): வால்யூம் குமிழைத் திருப்பும்போது ஓர் இடத்தில் மட்டும் ஒலி விழுகிறது.

பதில்: குமிழுக்குள் இருக்கும் கரித்தடத்தில் தூசு. நம் பக்கத்துச் செம்மண் புழுதி எங்கும் புகும். காண்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து இருபது, முப்பது முறை திருப்புங்கள். துரு நீக்கும் எண்ணெய் வேண்டாம், அது பிசுபிசுப்பாகத் தங்கி மேலும் தூசைப் பிடிக்கும். தடம் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பழையதில் எழுதியிருக்கும் அதே ஓம் அளவுள்ளதையே வாங்குங்கள். ஆக்டிவ் பிக்கப்புகளுக்குப் பெரும்பாலும் 25 கிலோ ஓம், பாஸிவுக்கு 250 அல்லது 500. மாற்றிப் போட்டால் குமிழ் சீராக வேலை செய்யாது.

கேள்வி (கல்லூரி மாணவர், கோட்டையூர்): கட்டைவிரலால் ஓங்கி அடித்து வாசிக்கும்போது மட்டும் ஒலி அறுகிறது. ஜாக், பேட்டரி, கேபிள் எல்லாம் பார்த்துவிட்டேன்.

பதில்: ஒழுங்காகப் பார்த்திருக்கிறீர்கள், தம்பி. அதிர்வில் மட்டும் விழுந்தால் உள்ளே ஏதோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் நிற்கிறது. பின்மூடியைத் திறந்து, ஆம்ப்பை மெல்லிய ஒலியில் வைத்து, ஐஸ்கிரீம் குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிக்கொண்டே வாருங்கள். உலோகக் கருவி கூடாது. எங்கே தட்டும்போது கரகரப்பு எழுகிறதோ அங்கே நில்லுங்கள். ஈயம் பளபளப்பின்றி மங்கி, மணல்மணலாக இருந்தால் அது சரியாகப் பிடிக்காத சால்டர் (ஈயப் பற்று). செருகு இணைப்பு என்றால் கழற்றி மறுபடி அழுத்தினாலே போதும்.

சால்டர் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். ஈயக்கோலைச் சால்டர் இரும்பின் நுனியில் உருக்கி ஊற்றாமல், முனையையும் ஒயரையும் முதலில் சூடாக்குங்கள். அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகி ஓடிப் பரவ வேண்டும். பட்டாலையில் உட்கார்ந்து செய்வதானால் கீழே பலகை போடுங்கள், ஆத்தங்குடிக் கல்லில் சுடு ஈயம் சொட்ட வேண்டாம்.

கேள்வி (பள்ளத்தூர்): மூன்று பேஸ்களை மாற்றிப் பார்த்தோம், மூன்றிலும் ஒலி விழுகிறது.

பதில்: பேஸ்களை விட்டுவிட்டு ஆம்ப்பைப் பாருங்கள். அதன் பின்புறம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக்குகள் இருந்தால் ஒரு சிறு கேபிளால் இரண்டையும் இணையுங்கள். ஒலி நிலைத்தால், ரிட்டர்ன் ஜாக்கின் உள் தொடுமுனை அழுக்கேறியிருக்கிறது.

மீண்டும் முதல் கேள்வி கேட்டவர்: அண்ணே, நீங்கள் சொன்னபடி பீப் ஒலி அறுந்தது. புது ஜாக் போட்டேன், ஒலி நிற்கவே இல்லை. ஆனால் இப்போது ஓர் இரைச்சல். தந்தியைத் தொட்டாலும் குறையவில்லை, பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது.

பதில்: பழைய ஜாக்கைக் கழற்றியபோது எர்த் முனையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒயர்கள் இருந்திருக்கும். அவற்றில் ஒன்று தந்திகள் பூட்டியிருக்கும் பிரிட்ஜிலிருந்து வருவது. அது விடுபட்டுக் குழிக்குள் எங்கோ கிடக்கிறது. தேடி எடுத்து எர்த் முனையிலேயே வையுங்கள். நடுமுனையில் வைத்துவிடாதீர்கள், அங்கே பேட்டரியின் கறுப்பு ஒயர் மட்டும்தான்.