இசையில்லாமல் ஆடியவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓவியர் காண்டின்ஸ்கி பற்றிய உங்கள் கட்டுரையில் அவருடைய பிரம்மஞான (தியாசஃபி) வாசிப்புக்கு அத்தனை இடம் கொடுத்திருந்தது உறுத்தலாக இருந்தது. ஒளிவட்டம், ஆவி, ரகசியச் சடங்கு எல்லாம் அந்தக் காலத்து ஐரோப்பிய வசதிக்காரர்களின் பொழுதுபோக்குதானே? நல்ல ஓவியர் அது இல்லாமலும் நல்ல ஓவியராகத்தான் இருந்திருப்பார். நான் பரதம் கற்றவள். எங்கள் துறையிலும் இப்படிச் சொல்கிறார்கள், ஐரோப்பிய நவீன நடன முன்னோடி ருடால்ஃப் லாபான் ஏதோ மறைஞானச் சபையில் இருந்தாராம். இருந்துவிட்டுப் போகட்டும், அது அவருடைய நடனத்துக்கு எதற்கு? கலையைக் கலையாகப் பார்த்தால் போதாதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கலையாக மட்டும் பார்ப்போம், சரி. அப்படிப் பார்த்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கதையும் உருவமும் இல்லாத ஓவியத்தை வரையவும், கதையும் இசையும் இல்லாமல் மேடையில் ஆடவும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில், ஒரே வட்டாரத்து மனிதர்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது? தனிமனித மேதைமை என்று சொல்லி இதைக் கடந்துவிட எனக்கு மனமில்லை.

பிரம்மஞான சபைத் தலைவர்களான அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எழுதி 1905-இல் வந்த 'எண்ண வடிவங்கள்' என்ற நூலை எடுத்துக்கொள்ளுங்கள். கோபம், பக்தி, பயம் ஒவ்வொன்றுக்கும் காற்றில் ஒரு வடிவமும் நிறமும் உண்டு, பயிற்சி பெற்ற கண்ணுக்கு அது தெரியும் என்பது அவர்கள் கட்சி. கடைசிப் பக்கங்களில் மெண்டல்சன், வாக்னர் இசை தேவாலயக் கூரைக்கு மேலே வண்ண மலைபோல எழுவதாகப் படம் போட்டிருக்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கிற ஓவியருக்கு என்ன கிடைக்கிறது என்று யோசியுங்கள். எந்தப் பொருளையும் காட்டாத ஒரு வடிவம் வெறும் அலங்காரமாக நின்றுவிடாமல் உள்ளே நடக்கும் ஒன்றின் நேரடிப் பதிவாகவும் இருக்கலாம் என்ற அனுமதி கிடைக்கிறது. காண்டின்ஸ்கி இதன் ஜெர்மன் பதிப்பைப் படித்தவர், 1911 கடைசியில் வெளிவந்த தன் நூலில் பிரம்மஞான சபையையும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கியையும் பெயர் சொல்லியே பேசுகிறார். அவருக்கு முன்பே 1906-இல் ஸ்டாக்ஹோமில் ஹில்மா ஆஃப் கிளிண்ட் ஆவியுலக வழிகாட்டிகளின் ஆணை என்று நம்பி வரையத் தொடங்கி, 1915-க்குள் 193 ஓவியங்கள் முடித்துவிட்டார். நம்பிக்கையைக் கழித்துவிட்டால் அந்த ஓவியங்களைத் தொடங்கவே அவருக்குக் காரணம் இருந்திருக்காது.

அப்புறம் நடனம். 1913-இல் மேரி விக்மன் என்ற ஜெர்மன் நடனக்காரரிடம் லாபானைப் பற்றிச் சொல்லி அனுப்பியவர் எமில் நோல்டே என்ற ஓவியர், உன்னைப் போலவே இசையில்லாமல் அசைகிற ஒருவர் இருக்கிறார் என்று. விக்மன் தேடிப் போன இடம் மாஜியோரே ஏரிக்கரையில், அஸ்கோனாவுக்கு மேலே இருக்கும் மோண்டே வெரித்தா குன்று. 1900-இல் சைவ உணவுக்காரர்கள் தொடங்கிய குடியிருப்பு அது, சூரியக் குளியல், தோட்ட வேலை, அராஜகவாதிகள், பிரம்மஞானிகள் எல்லாம் அங்கே உண்டு. லாபான் அங்கே கோடைப் பள்ளி நடத்தினார். 1917 ஆகஸ்டில், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தியோடர் ராய்ஸ் என்பவர் தன் மறைஞானச் சபையின் மாநாட்டை அதே குன்றில் கூட்டினார். லாபான் ராய்ஸின் சபைக்காரர். மாநாட்டுக்காக அவர் அமைத்த சூரிய விழா மூன்று பகுதிகள் கொண்டது. முதல் பகுதி மாலையில் சூரியன் மறையும்போது, இரண்டாவது நள்ளிரவில் தீப்பந்தங்களோடும் முகமூடிகளோடும், மூன்றாவது மறுநாள் உதயத்தில். மேடை கிடையாது, டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பவரும் கிடையாது, குன்று முழுக்க ஆடுகளம். பின்னால் அவர் ஆயிரக்கணக்கான சாதாரண மக்களை ஆடவைத்த கூட்டு நடனங்களுக்கு விதை இங்கேதான் என்பது என் கருத்து. அவர் சடங்கை நடன அமைப்பாக மாற்றிய இடம் அது. நீங்கள் கேட்ட 'எதற்கு' என்பதற்கு என் பதில் இதுதான்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும், பலருக்குத் தெரியாத பெயர்: அலெக்சாண்டர் த சால்ஸ்மன். ஓவியர், மியூனிக்கில் காண்டின்ஸ்கியின் வட்டத்தில் இருந்தவர். டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ஹெல்லரௌவில், டால்க்ரோஸின் தாளப் பயிற்சிப் பள்ளி அரங்கில், சுவர் முழுக்க வெள்ளைத் துணி கட்டி அதன் பின்னால் ஆயிரக்கணக்கில் விளக்குகள் வைத்து, அரங்கே ஒளிர்வதுபோல் செய்தவர். அவருடைய மனைவி ஜான் டால்க்ரோஸின் தாளப் பயிற்சி முறையைக் கற்பித்தவர். இருவரும் 1919-இல் திபிலிசியில் குர்ஜீஃப் என்ற மறைஞான குருவைச் சந்தித்து அவரோடு போய்விட்டார்கள். குர்ஜீஃபின் புனித அசைவுகள் 1923 டிசம்பரில் பாரிஸில் அரங்கேறியபோது அந்த அரங்கம் எது தெரியுமா? பத்து வருடம் முன்பு நிஜின்ஸ்கியின் வசந்த பலி நடனத்துக்கு ரகளை நடந்த அதே ஷாம்ஸ் எலிசே அரங்கம். அந்த நடனத்துக்கு உடையும் திரையும் வரைந்தவரோ நிக்கோலஸ் ரோரிக், பின்னாளில் குல்லுப் பள்ளத்தாக்கில் வந்து குடியேறிய அதே ரோரிக். ஓவியம், நடனம், மறைஞானம் மூன்றும் இங்கே ஒரே ஆட்களின் கைகளில்தான் இருந்தன.

இதில் கெட்டதும் உண்டு, அதை மறைக்கிற கட்டுரைகள் எனக்குப் பிடிக்காது. எல்லோரும் ஒரே உடலாகிக் கரைவது என்ற சடங்குக் கனவு நாஜிகளுக்கும் வசதியாக இருந்தது. 1933-இல் பெர்லின் அரசு ஓபராவின் குழந்தைகள் நடன வகுப்பிலிருந்து யூதக் குழந்தைகளை லாபான் நீக்கினார். 1936 ஒலிம்பிக்கை ஒட்டி அவர் தயாரித்த மாபெரும் கூட்டு நடனத்தை ஒத்திகையில் பார்த்த நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸ் தடைசெய்தார், அதன் பிறகே லாபான் நாட்டைவிட்டுப் போனார். விக்மன் அந்த ஒலிம்பிக் விழாவில் ஆடினார். அழகான கனவு, ஆனால் யாருக்கு ஆடுகிறோம் என்று கேட்கும் பழக்கம் அதற்குள் இல்லை.

நீங்கள் பரதம் கற்றவர் என்பதால் பிரம்மஞான சபையின் தலைமையகமான அடையாற்றையும் சொல்கிறேன். 1928-இல் பெசன்ட் அறிவித்த உலக அன்னை இயக்கத்தின் முகமாக இருந்தவர் ருக்மிணி தேவி. அவர் பரதத்தின் பழைய வடிவமான சதிரைக் கற்று முதன்முதலாக மேடையேறியது 1935-இல், பிரம்மஞான சபையின் வைர விழாவில், அடுத்த வருடம் கலாக்ஷேத்ரா. மேடையில் நடராஜர் சிலை வைத்ததும், சிருங்காரத்தை ஒதுக்கி ஆன்மிகத்தை முன்னால் கொண்டுவந்ததும் அந்தச் சூழலில் வளர்ந்த ஒருவரின் முடிவுகள். அந்தத் தூய்மையாக்கத்தில் சதிரை வழிவழியாக ஆடிவந்த இசை வேளாளர் குடும்பங்கள் இழந்தது பெரிது, அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி அதை எதிர்த்துப் பேசியது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் கற்ற அடவு, நின்ற மேடை, ஆட வேண்டாம் என்று விடப்பட்ட பதங்கள் இவற்றில் எதெல்லாம் அந்த மறைஞானச் சூழலின் மிச்சம் என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப்பாருங்கள்.

விக்மனின் சூனியக்காரி நடனத்திலிருந்து ஒரு சிறு துண்டு படமாக மிஞ்சியிருக்கிறது, 1926-இல் முகமூடியோடு அமைத்த வடிவம், இணையத்தில் கிடைக்கும். தரையில் உட்கார்ந்தே ஆடுகிறார். பார்த்துவிட்டு, ஆடுபவராக உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.