கேளுங்கள் அக்காவை: பிளக் இல்லாத பெருக்குப் பெட்டி

கேள்வி: வணக்கம் அக்கா. போன ஞாயிறு லோரோங் கூலிட் சந்தையில் 30 வெள்ளிக்கு ஒரு பழைய சாமான் வாங்கினேன். நீளக் கைப்பிடி, கீழே மரப்பெட்டி, அதற்குள் உருளை பிரஷ், நாலு சக்கரம். வயரும் இல்லை, பிளக்கும் இல்லை. அந்தக் காலத்து வேக்கம் கிளீனர் என்கிறான் என் மகன். தள்ளிப் பார்த்தால் ஒரு தூசியும் ஏறவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஏமாறவில்லை, ஆனால் மகன் சொன்னது தப்பு. இதன் பெயர் கார்ப்பெட் ஸ்வீப்பர், அதாவது கம்பளம் பெருக்கும் பெட்டி. வேக்கம் காற்றால் உறிஞ்சும், இது எதையும் உறிஞ்சாது. சக்கரம் கட்டிய விளக்குமாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தள்ளும்போது சக்கரம் பிரஷ் உருளையின் முனையில் உரசி அதைச் சுழற்றும், பிரஷ் கம்பளத்தில் கிடக்கும் குப்பையைச் சுண்டி உள்ளே இருக்கும் தட்டில் போடும், அப்புறம் தட்டைத் திறந்து கொட்டிவிட வேண்டியதுதான்.

இது பிரபலமான கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ரேப்பிட்ஸ் ஊரில் மெல்வில் பிஸ்ஸல், அன்னா என்று ஒரு தம்பதி பீங்கான் கடை வைத்திருந்தார்கள். பீங்கானோடு பெட்டியில் வந்த மரத்தூள் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இந்த மாதிரிப் பெட்டிகள் அதற்கு முன்பும் இருந்தன, ஆனால் மெல்வில் தான் செய்த பெட்டிக்கு 1876ல் காப்புரிமை வாங்கியபிறகுதான் இது ஊர் ஊராகப் போனது. 1889ல் அவர் இறந்துபோக, கம்பெனியை அன்னாவே ஏற்று நடத்தினார். எல்லோரும் கணவரைப் பற்றித்தான் பேசுவார்கள், எனக்கென்னவோ அந்த அம்மாள்தான் பெரிய ஆள். இங்கிலாந்தில் அக்ரிங்டன் ஊரிலிருந்து யூபேங்க் என்ற பெயரிலும் இதே வகை வந்தது. நம் வீடுகளிலோ அப்போது சிமெண்டுத் தரை, மெங்குவாங் பாய். பாயைச் சுருட்டி வாசலில் உதறினால் வேலை முடிந்தது, இதற்கு ஏது வேலை?

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். பழைய பேப்பரை விரித்து அதன்மேல் கவிழ்த்துப் போடுங்கள். உருளையின் இரண்டு முனையையும் பாருங்கள், முடி சுற்றியிருக்கும். என்னிடம் வந்த ஒன்றில் சுண்டுவிரல் தடிமனுக்கு முடிக்கயிறு, அதற்குள் சிவப்பு நூலும் ஒரு துருப்பிடித்த ஊக்கும்! பிளேடால் நீளவாக்கில் கீறி, கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுங்கள். அடுத்தது சக்கரத்து ரப்பர். வயசானால் அது இறுகி வழவழப்பாகிவிடும், உருளையைப் பிடிக்காமல் வழுக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மறுபடி பிடிப்பு வரும். அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ரப்பரில் மட்டும் படவே கூடாது.

கேள்வி: அப்படியென்றால் வேக்கத்தைக் கண்டுபிடித்தது யார், வேக்கம் கம்பெனிக்கார ஹூவர்தானே?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இல்லை. லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற என்ஜினியர், 1901ல். தூசியை ஊதித் தள்ளும் ஒரு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தவர், சாப்பாட்டுக் கடை நாற்காலி மெத்தையில் கைக்குட்டையை விரித்து வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையின் அடிப்பக்கம் தூசி அப்பிக்கொண்டது! அவருடைய இயந்திரம் குதிரை இழுக்கும் வண்டி அளவு பெரியது. தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாயை உள்ளே விடுவார்கள். கையில் பிடித்துத் தள்ளும் மின்சார வகையைச் செய்தவர் ஒஹாயோவில் ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர், ஆஸ்துமாக்காரர். 1908ல் அவரிடமிருந்து உரிமையை வாங்கியவர்தான் ஹூவர்.

கேள்வி: விளக்கு வைத்தபிறகு வீட்டைப் பெருக்கினால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்கிறார் மாமியார். இந்தப் பெட்டியைத் தள்ளலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: தாராளமாகத் தள்ளுங்கள். குப்பை பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது, வாசல் தாண்டவில்லையே. ஆனால் தட்டைக் காலையில் கொட்டுங்கள், மாமியார் எழுந்திருப்பதற்கு முன்னால்.